நிறுத்தும் வலிமை

மனிதன் இயற்கை தனக்கு அளித்த கைகால்களோடு மனநிறைவு கொண்டவனல்லன். கை எட்டாத குலைக்குத் துறட்டியைக் கண்டான். தோள் தூக்காத பாரத்திற்கு நெம்புகோலைக் கண்டான். கால் சலிக்கும் தொலைவிற்குச் சக்கரத்தைக் கண்டான். இவை யாவும் அவன் அறிவின் வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு கருவியும் அவன் கைக்கு வந்த அன்றே ஒரு கேள்வியும் உடன்வந்து நிற்கின்றது. நம் வலிமை பெருகிற்று. அதற்கீடாக நம் கடமையும் பெருகிற்றா? பெருகிய வலிமையை எவ்வளவு தூரம் செலுத்தலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்று வரையறுப்பவர் யார்? சட்டமா, துரையா, போலீஸ்காரரா? அவர்களுள் எவர் கண்ணும் எட்டாத இடத்தில் அந்த வரையறை வரையறையாகவே நிற்குமா?

இஃது அரசாள்வோரும் படை நடத்துவோரும் ஆராயவேண்டிய கேள்வி என்று நேயர் கருதுதல் கூடும். நாம் அவ்வளவு உயரம் ஏறப்போவதில்லை. இன்று தோட்டத்து லயங்களின் வாசலிலும் பட்டணத்து அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றதே மின்சைக்கிள், அதனைக் கொண்டே இக்கேள்வியை ஆராய விரும்புகின்றோம். ஏட்டில் கற்றதைக் காட்டிலும் அந்த வண்டியினிடம் நாம் கற்றது அதிகம். கற்பதற்குக் கொடுத்த விலையும் அதிகம். அவ்விலையை நாம் மட்டும் கொடுக்கவில்லை என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

மின்சைக்கிள் நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1895-ஆம் ஆண்டிலேயே ஆக்டன் போல்டன் என்னும் அமெரிக்கர் பின்சக்கரத்தின் குடத்திலே மோட்டார் பொருத்திய சைக்கிள் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்துப் பாட்டரிகளோ பாரத்தில் பெரியவை, ஆற்றலில் சிறியவை. 1991-ஆம் ஆண்டில் லித்தியம் அயனிப் பாட்டரி விற்பனைக்கு வந்தது. பாரம் குறைந்து ஆற்றல் கூடுவதற்கு வழி பிறந்தது. 1993-இல் ஜப்பானிய யமஹா நிறுவனம், மிதிப்பவர் கால் தரும் அழுத்தத்தை உணர்ந்து அதற்கேற்ப மோட்டாரின் துணையைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த ஏற்பாட்டில் ஓர் அழகிய நீதி அடங்கியிருக்கின்றது. மோட்டார் மனிதனை நோக்கி, “நீ முயன்றால் நானும் முயல்வேன், நீ நின்றால் நானும் நிற்பேன்” என்று சொல்வது போன்றது அது. அங்கே யந்திரம் மனிதனுக்குத் துணைவனே தவிர எசமானனன்று.

அந்தத் துணை எத்தகையது என்பதையும் அறிதல் நலம். நல்ல உடல்நிலையுள்ள சாதாரண மனிதர் ஒருவர் நெடுநேரம் மிதித்தால் ஏறத்தாழ 100 வாட் ஆற்றல் தருவார். பல நாடுகள் மின்சைக்கிளுக்கு அனுமதிக்கும் மோட்டாரின் அளவு 250 வாட். அதாவது, கண்ணுக்குத் தெரியாத இரண்டரை மனிதர் நம்முடன் சேர்ந்து மிதிக்கின்றனர். ஏறுமேட்டில் மூச்சிரைத்து இறங்கித் தள்ளிய வண்டியை அமர்ந்தபடியே ஏற்றிச் செல்ல இத்துணை போதும்.

நாம் பணியாற்றும் செம்பனைத் தோட்டத்தில் இந்த வண்டியால் விளைந்த நன்மை சிறிதன்று. தோட்டத்திலிருந்து பஸ் நிற்கும் பெரிய சாலைக்கு 7 கிலோமீட்டர். முழங்கால் தேய்ந்த முதியவர் ஒருவர் மாதந்தோறும் மருந்து வாங்க மகனின் ஓய்வு நாளை எதிர்பார்த்துக் கிடந்தார். இன்று தாமே போய்த் தாமே வருகின்றார். தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் பட்டணத்துக் கடைக்குத் துணிகளைக் கொண்டுசேர்த்து, பிள்ளைகள் பள்ளி விட்டு வருமுன் வீடு திரும்புகின்றார். பெட்ரோலுக்குச் செலவில்லை, பிறர் தயவுக்குக் காத்திருத்தல் இல்லை. ஒருவர் தம் காலத்தைத் தாமே ஆளத் தொடங்குவது விடுதலையின் முதற்படியன்றோ? ஆதலின், யந்திரம் வந்ததால் மனிதன் கெட்டான் என்று புலம்பும் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். யந்திரத்தின் மேல் நமக்குப் பகையில்லை. நம் வழக்கு நம்மோடுதான்.

நம் இளைஞர்களுக்குத் துணைவன் போதவில்லை, குதிரை வேண்டியிருந்தது. கடையில் வாங்கிய வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் மோட்டார் தன் துணையை நிறுத்திக்கொள்ளும். அதற்குமேல் வேகம் வேண்டுமாயின் காலால் மிதித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த எல்லையைக் காப்பது கண்ட்ரோலர் என்னும் சிறு பெட்டி. அதனைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் எல்லை போயிற்று. 36 வோல்ட் பாட்டரிக்குப் பதில் 48 வோல்ட் பாட்டரி வைத்தால் மோட்டார் மேலும் விரைந்து சுழலும். 250 வாட் மோட்டாரைக் கழற்றி 500 வாட் மோட்டார் பூட்டினால் ஏறுமேடும் சமவெளியாகும். மிதிக்கவும் வேண்டியதில்லை, மோட்டார்சைக்கிளைப் போலக் கைப்பிடியைத் திருகினால் போதும். இதற்கெல்லாம் வேண்டிய உறுப்புகள் தபாலில் வீடு தேடி வருகின்றன. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்துவிடுகின்றான்.

வண்டியைத் திருத்தி மேம்படுத்துவது தவறென்று நாம் சொல்லவில்லை. தேய்ந்த இருக்கையை மாற்றுவதும், வெளிச்சம் போதாத விளக்கை மாற்றுவதும், சேற்றுப்பாதைக்கு அகன்ற டயர் போடுவதும் மேம்பாடுகளே. ஆனால் நம் பிள்ளைகள் மேம்பாடு என்று சொன்னபோது அவர்கள் கருதியது ஒன்றே ஒன்று, வேகம். மோட்டாரை இரட்டித்தவர் பிரேக்கை இரட்டிக்கவில்லை. பாட்டரியின் பாரத்தைக் கூட்டியவர் சட்டம் அதைத் தாங்குமா என்று கேட்கவில்லை. வலிய மோட்டார் தன் அச்சையே திருகி, அதனைப் பற்றியிருக்கும் கவையைப் பிளந்துகொண்டு வெளிவரக்கூடும். அதைத் தடுக்க அச்சோடு ஓர் இரும்புக் கையைப் பிணைத்தல் வேண்டும். அவ்விரும்புக் கையின் விலை அற்பம். ஆயினும் அதை வாங்கியவரைக் காண்பது அரிதாயிருந்தது. ஏனெனில் அது வேகம் தருவதில்லை.

இங்கே நாம் பிறரைச் சுட்டிக்காட்டிவிட்டு நழுவுதல் தகாது. நம் தோட்டத்தில் இந்த வேலையை முதலில் செய்தவர்களில் நாமும் ஒருவர். ஆங்கிலம் படித்தவர் என்ற காரணத்தால், வண்டியோடு வரும் சிறு புத்தகத்தைப் பலரும் நம்மிடம் கொண்டுவந்து நீட்டுவர். நாம் அதைப் படித்துத் தமிழில் சொல்வோம். “கண்ட்ரோலரை மாற்றுதல் ஆகாது, மாற்றினால் பிரேக்கும் சட்டமும் தாங்கா” என்று ஓர் இளைஞனுக்கு நாம் எடுத்துச் சொன்ன அந்த மாலைப்பொழுதில், நமது சைக்கிளில் 48 வோல்ட் பாட்டரியும் 500 வாட் மோட்டாரும் பூட்டப்பட்டிருந்தன. அதனைப் பிறர் அறிவர், அவ்விளைஞனும் அறிவான். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டிச் சென்றான். கற்றவன் தன் கல்வியைப் பிறர்க்கு விளக்காகவும் தனக்குத் திரையாகவும் வைத்துக்கொள்ளும் இழிவை அன்று நாம் உணரவில்லை.

உணரும் நாள் வந்தது. மழை ஓய்ந்த ஒரு மாலை. இரண்டாம் பிரிவில் கணக்குப் பார்த்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். செம்மண் பாதை இறக்கமாகச் சென்று ஒரு வளைவில் திரும்பும். வேகம் காட்டும் கருவியில் 40 என்ற எண் ஒளிர்ந்தது. அந்த எண்ணைக் கண்டு நாம் மகிழ்ந்துகொண்டிருந்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். வளைவைக் கடந்ததும் எதிரே உதிரிப்பழம் பொறுக்கும் பாட்டி ஒருவர், தலையில் காலிச் சாக்குச் சும்மாட்டோடு பாதையின் நடுவே வந்துகொண்டிருந்தார். பிரேக்கை இறுக்கினோம். சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் பழைய ரப்பர்க் கட்டைகள் அவை. சேறும் நீரும் படிந்து வழுக்கினவே அன்றிப் பிடிக்கவில்லை. பாட்டி நம்மைக் கண்டார்; கண்டதும் ஓரத்து வடிகாலில் பாய்ந்தார். நம் வண்டி அவரைத் தொடவில்லை. நாம் கீழே விழவும் இல்லை. அவருடைய வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

தூக்கி உட்காரவைத்தபோது அவர் நம்மை வையவில்லை. “சத்தம் கேட்டால் ஒதுங்கியிருப்பேனே, கிராணியாரே. உங்கள் வண்டிக்குச் சத்தமே இல்லையே” என்றார். அத்தனை ஆண்டுகள் அப்பாதையில் நடந்த கால்கள் அவருடையவை. லாரி வந்தால் காது சொல்லும். மோட்டார்சைக்கிள் வந்தால் காது சொல்லும். நமது வண்டி அவருடைய காதை ஏமாற்றிவிட்டது. வாங்கிய நாள்முதல், “பூனைபோல ஓடுகின்றது” என்று நாம் பெருமை பேசிய குணமே அவருடைய கையை முறித்தது.

அன்றிரவு ஆபீசில் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அமர்ந்தோம். எழுதுபவர் யார்? கிராணியாகிய நாமே. “மழையில் பாதை வழுக்கி வடிகாலில் வீழ்ந்தார்” என்று எழுதலாமே என்று பேனா நமக்கு யோசனை சொல்லிற்று. அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. பாதை வழுக்கியது உண்மை. வடிகாலில் வீழ்ந்தது உண்மை. வண்டி தொடாததும் உண்மை. பொய்யே இல்லாத வாக்கியம் ஒன்று முழுப்பொய்யாகவும் இருக்கக்கூடும் என்பதை அவ்விரவில் கண்டோம். நெடுநேரம் கழித்து நடந்ததை நடந்தபடியே எழுதினோம். மறுநாட் காலைப் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டு, விடை வராத இடத்தில், செக்ரோல் புத்தகத்தில் வரவில்லை என்று குறித்ததும் இதே கைதான். ஆறு வாரம் அவ்வாறு குறித்தோம். அவர் இழந்த கூலியை நம் சம்பளத்திலிருந்து கொடுத்தோம். அதை ஈகை என்று எவரேனும் சொன்னால் நமக்குக் கூசும், அது கடன். அதுவும் தீர்ந்த கடனன்று.

இனி, நிகழ்ச்சியை விட்டு நியாயத்தை ஆராய்வோம். வேகத்தைக் கூட்டியவர் நாம், பணம் செலவிட்டவர் நாம், மகிழ்ந்தவரும் நாமே. ஆனால் எலும்பு முறிந்தது யாருக்கு? கணக்கு எழுதும் தொழிலில் உள்ள நமக்கு இக்கணக்கின் கோணல் உடனே தெரிந்திருக்க வேண்டும். வரவு ஒருவர் பெயரிலும் செலவு மற்றொருவர் பெயரிலும் எழுதப்பட்டிருக்கின்றது. இப்படிப்பட்ட கணக்கை ஆபீசில் எவரேனும் காட்டினால் அதற்கு என்ன பெயர் சொல்வோமோ, அதே பெயர்தான் இதற்கும்.

இயற்கை விதியும் இதனை உறுதிசெய்கின்றது. ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தோடு ஒன்றுக்கொன்றாக ஏறுவதில்லை. வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகின்றது. 25 கிலோமீட்டர் வேகத்தை 50 ஆக்கினால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. 25-ஐ 40 ஆக்கினாலே அது இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். நிறுத்தும் தூரத்தையும் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பற்ற ஒரு விநாடி ஆகுமென்று கொள்வோம். 25-இல் செல்பவர் அந்த ஒரு விநாடியில் 7 மீட்டர் கடப்பார். பிறகு உலர்ந்த பாதையில் நல்ல பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 6 மீட்டர். ஆக, 13. 40-இல் செல்பவரோ முதல் விநாடியிலேயே 11 மீட்டர் கடப்பார். பிறகு நிற்க 15 மீட்டர். ஆக, 26. இந்த இரண்டாவது 13 மீட்டருக்குள் நிற்பவர் யாரோ, அவரிடமிருந்துதான் நாம் நம் வேகத்தைக் கடன் வாங்கியிருக்கின்றோம். அவரைக் கேட்டு வாங்கினோமா? இல்லை. நனைந்த செம்மண்ணில் இத்தூரம் இன்னும் நீளும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

இதற்கு மறுப்புரைகள் உண்டு. அவற்றை நேர்மையாக எதிர்கொள்வோம்.

முதலாவது, “என் பணம், என் வண்டி, இதில் பிறருக்கு என்ன?” என்பது. வண்டி நமது, பாதை நமதன்று. துறட்டி நமது என்பதால் அதனைப் பெரட்டுக் கூட்டத்தின் நடுவே சுழற்றுதல் ஆகுமா? பொருளின் உடைமை ஒன்று, அதன் விளைவின் உடைமை வேறொன்று.

இரண்டாவது மறுப்பு கூரியது. ஒரு தொழிலாளத் தோழர் நம்மிடமே கேட்டார்: “துரையின் நாற்சக்கர வண்டி இதே பாதையில் 60-இல் பறக்கிறதே, அதற்கு எல்லையில்லை. ஏழை கையில் ஒரு விசை வந்தவுடன்தான் உங்களுக்கு நீதி நினைவு வருகிறதா?” இக்கேள்வியில் உண்மை இருக்கின்றது, அதை மறைக்க மாட்டோம். பெரிய வண்டிக்கு ஒரு நீதி, சிறிய வண்டிக்கு ஒரு நீதி என்பது அநீதியே. அதை எதிர்த்துக் கேட்கவேண்டியதும் நம் கடமையே. ஆனால் நாம் 40-இல் சென்று அந்த அநீதியைத் தீர்க்கின்றோமா? வடிகாலில் பாய்ந்தவர் துரையல்லர். தலையில் சும்மாடு வைத்த பாட்டி. மேலே இருப்பவரோடு சமமாகிவிட்டோம் என்று நாம் எண்ணிய நேரத்தில், நமக்குக் கீழே ஒருவரை உண்டாக்கிக்கொண்டிருந்தோம். அடிமைத்தனத்தை ஒழிப்பதென்றால் எல்லாரும் ஆளுக்கொரு சாட்டை வாங்கிக்கொள்வதன்று.

மூன்றாவது, “25 என்பது என்ன தெய்வ வாக்கா? நாட்டுக்கு நாடு மாறுகிறதே” என்பது. மாறுவது உண்மை. ஐரோப்பிய நாடுகளில் 25 கிலோமீட்டரில் துணை நிற்கின்றது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சாதாரண மின்சைக்கிளுக்கு 32 வரை அனுமதி உண்டு. அவ்வெண் வானத்திலிருந்து இறங்கியதன்று. மனிதர் கூடிப் பேசி வகுத்தது. ஆனால் அதனாலேயே அதற்கு மதிப்புண்டு என்பது நம் கருத்து. ஆகாயத்திலிருந்து வந்த கட்டளையாயின் அஞ்சிக் கீழ்ப்படிவோம்; நாமே கூடி வகுத்ததாயின் அறிந்து கீழ்ப்படிவோம். பின்னதே சுயமரியாதையுள்ளவர்க்கு அழகு. எண் 25 ஆகட்டும், 32 ஆகட்டும். எதிரே நடப்பவரையும் கணக்கிற் சேர்த்து வகுத்த எண் எதுவோ அதுவே நியாயமான எண். நாம் 40 என்று வகுத்தபோது கணக்கில் இருந்தவர் நாம் ஒருவர் மட்டுமே.

சிங்கப்பூரில் வாழும் நம் நேயர்களுக்கு இவ்வெல்லை சட்டமாகவே முன்நிற்கின்றது. அங்கே மின்சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கும் வண்டியின் பாரம் 20 கிலோவுக்கும் மேற்படலாகாது. மிதித்தால் மட்டுமே மோட்டார் இயங்கவேண்டும். 25 கிலோமீட்டரில் துணை நிற்கவேண்டும். 2017 ஆகஸ்ட் முதல் வண்டியைப் பதிவுசெய்து எண் பலகை மாட்டும் முறை வந்தது. ஓட்டுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் விதிகளைக் குறித்த தேர்விலும் தேறியிருக்க வேண்டும். நடைபாதையில் ஓட்டுதல் கூடாது. 2019 நவம்பர் 5 முதல் மின்-ஸ்கூட்டர்கள் நடைபாதையினின்று விலக்கப்பட்டபோது, உணவு கொண்டுசென்று பிழைக்கும் பலர் மின்சைக்கிளுக்கு மாறினர்.

அவர்களை எண்ணும்போது நான்காவது மறுப்பு பிறக்கின்றது: “வேகமாகப் போனால்தான் கூலி, மெதுவாகப் போனால் குழந்தைக்குப் பால் இல்லை. இவனிடம் போய் நீதி பேசுகிறீரே!” இம்மறுப்பை நாம் வெல்ல முயலவில்லை, பங்கிட்டுக்கொள்ள விரும்புகின்றோம். தடையை மீறி விரையும் ஓட்டுநரின் வேகத்தில் ஒரு பகுதி, உணவு சற்றுத் தாமதித்தால் முகஞ்சுளிக்கும் நமது வேகமே. ஆகையால் குற்றத்தையும் அவர் தலையில் முழுதும் ஏற்றுதல் நியாயமன்று. எனினும் பங்கு பிரிப்பதனால் முறிந்த கை முறியாததாகி விடுமா? ஒவ்வொருவரும் தம் பங்கைக் குறைப்பதே வழி. வாங்குபவர் பொறுக்கட்டும்; கூலி கொடுப்பவர் நேரத்தை நெருக்காதிருக்கட்டும்; ஓட்டுபவர் பிரேக்கைப் பார்க்கட்டும்.

பிரேக்கைப் பார்ப்பது என்றோம். பராமரிப்பு என்னும் சிறு வேலையை அறத்தின் வரிசையில் வைத்து எண்ணும் பழக்கம் நம்மிடையே இல்லை. ஆண்டுக்கொருமுறை ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, பொட்டிட்டு, மாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றோம். கருவிக்கு நன்றி செலுத்தும் அன்பை நாம் பழிக்கவில்லை. ஆனால் பழத்தை நசுக்கிய அதே சக்கரத்தின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிவதைக் குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்? எலுமிச்சம்பழம் பாட்டியைக் காக்காது. புதிய பிரேக் கட்டை காக்கும். நன்றி செலுத்துவது உண்மையாயின், மாதம் ஒருமுறை ஸ்பானரோடு அமர்வதே மேலான பூஜை.

பாட்டரியைப் பேணுவதில் இக்கடமை இன்னும் கூர்மையாகின்றது. 36 வோல்ட் பாட்டரி என்பது வழக்கமாகப் பத்துச் செல்களின் தொடர். முழுதும் நிரம்பும்போது 42 வோல்ட் காட்டும். 48 வோல்ட் பாட்டரி பதின்மூன்று செல்களின் தொடர்; நிரம்பும்போது 54.6 வோல்ட். பெரியதற்குரிய சார்ஜரைச் சிறியதில் மாட்டினால் பாட்டரி தாங்கும் அளவுக்குமேல் மின்சாரம் திணிக்கப்படும். உள்ளிருக்கும் காப்புச் சுற்று பழுதாயிருந்தால் தீ மூளும். லித்தியம் பாட்டரியின் தீ விரைந்து பரவும், எளிதில் அடங்காது. சார்ஜரின் முளை பொருந்துகின்றது என்பதாலேயே அது உரிய சார்ஜர் என்று நம்புவது பேதைமை. நீர் புகுந்த பாட்டரியையும், கீழே விழுந்து நசுங்கிய பாட்டரியையும், பழைய செல்லோடு புதிய செல்லைச் சேர்த்துக் கட்டிய பாட்டரியையும் பயன்படுத்துதல் ஆகாது. இரவு முழுதும் சார்ஜ் போட்டுவிட்டுக் கதவோரத்திலேயே வைத்து உறங்குதலும் ஆகாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழியையே அது மறிக்கும்.

“என் வீட்டில் என் பாட்டரி” என்று இங்கே எவரும் சொல்ல முடியாது. நம் லயத்தைப் பாருங்கள். ஒரே கூரை, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரே சுவர். அடுத்த வீட்டுக் குழந்தை இருமினால் நமக்குக் கேட்கும். அங்கே மூளும் தீ யாருடைய வீட்டில் மூண்டதென்று பார்த்துப் பரவுமா? அடுக்குமாடியில் வாழ்வோருக்கோ சுவர் மட்டுமன்று, தரையும் பொது, கூரையும் பொது. பிறரோடு சுவரைப் பங்கிட்டு வாழ்பவருக்குத் தனிப்பட்ட அசட்டை என்று ஒன்று கிடையாது.

இங்கே திருவள்ளுவர் செய்த ஓர் ஏற்பாட்டை நினைவூட்ட விரும்புகின்றோம். அடக்கமுடைமை என்று ஓர் அதிகாரத்தையே அவர் வகுத்தார். அதனை எங்கே வைத்தார்? உலகைத் துறந்து காட்டில் இருப்பவர்க்குரிய துறவறவியலில் வைக்கவில்லை; மனைவி மக்களோடும் சுற்றத்தோடும் அயலாரோடும் வாழ்பவர்க்குரிய இல்லறவியலில் வைத்தார். காரணம் நமக்கு இப்போது விளங்குகின்றது. தனியே இருப்பவனுக்கு அடக்கம் ஒரு தவம். கூடி வாழ்பவனுக்கோ அது அயலானுக்குத் தரவேண்டிய கடன்.

ஆகவே, எவரும் காணாத இடத்தில் எல்லை எல்லைதானா என்ற கேள்விக்கு விடை இதுவே. எல்லையைக் காண்பவர் போலீஸ்காரர் என்று எண்ணுவதால்தான் இக்கேள்வியே பிறக்கின்றது. தோட்டத்துப் பாதையில் போலீஸ்காரர் இல்லை. ஆனால் நடப்பவர் இருக்கின்றார். எல்லை அவருடையது. அதிகாரி இல்லாத இடத்தில் சட்டம் உறங்கலாம். நடப்பவர் உள்ள இடத்தில் கடமை உறங்குவதற்கில்லை. வலிமையை அடைவது மனிதனின் உரிமை. ஆனால் ஓடும் வலிமையைச் சேர்ப்பவர் நிறுத்தும் வலிமையை முதலில் சேர்க்கவேண்டும். அவ்வரிசையை மாற்றியதே நாம் செய்த பிழை.

அந்நிகழ்ச்சிக்குப் பின் நாம் பழைய கண்ட்ரோலரையும் பழைய மோட்டாரையும் திரும்பப் பூட்டினோம். அதற்குரிய 36 வோல்ட் பாட்டரியையே மாட்டினோம். விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கை நீக்கி, சேற்றுக்கு எட்டாமல் குடத்தருகே பிடிக்கும் டிஸ்க் பிரேக்கை அதற்கேற்ற சக்கரத்தோடும் கவையோடும் வாங்கிப் பூட்டினோம். உரத்த மணி ஒன்றையும் வைத்தோம். சத்தமில்லாத வண்டிக்கு மணியே நாக்கு. ஞாயிறுதோறும் காலையில் ஆபீசின் முன் உள்ள கொட்டகையில் இளைஞர் சிலர் தம் வண்டிகளோடு கூடுகின்றனர். பிரேக் கட்டையின் கனம், டயரின் காற்று, ஆரக்கம்பிகளின் இறுக்கம், சங்கிலியின் எண்ணெய், அச்சின் திருகாணிகள், மின்கம்பிகளின் உறை, பாட்டரியில் வீக்கம் உண்டா என்பது ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கின்றோம். அன்று சிரித்துச் சென்ற இளைஞனும் வருகின்றான். அவன் இன்னும் தன் கண்ட்ரோலரை மாற்றவில்லை. ஆனால் அச்சுக்கு இரும்புக் கையும் முன்சக்கரத்துக்குப் புதிய பிரேக்கும் போட்டுவிட்டான். மற்றதையும் மாற்றுவான் என்று நம்புகின்றோம். நாமே பிந்தித் திருந்தியவர்கள். அவனை அவசரப்படுத்தும் உரிமை நமக்கில்லை.

பாட்டியின் கை கூடிவிட்டது. வேலைக்கு வருகின்றார். வளைவுக்கு அப்பால் நம் மணியோசை கேட்டால், நாம் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருகின்றோம் என்று தெரிந்தும், பாதையை விட்டு இறங்கி வடிகாலின் ஓரத்தில் நின்றுகொள்கின்றார். “நீங்கள் போங்கள், கிராணியாரே” என்று சிரித்தே சொல்கின்றார். வண்டியின் எல்லா உறுப்புக்கும் மாற்று உறுப்புக் கிடைக்கின்றது. அவர் கால்களில் நாம் வைத்த அந்த அச்சத்திற்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. தோழர்களே, உங்கள் பாதையிலும் ஒருவர் நடந்துகொண்டிருக்கின்றார். வண்டியில் ஏறுமுன் குனிந்து பிரேக்கைப் பாருங்கள்.